‘தண்ணி வந்துட்ச்சி’ என்றொரு கெட்ட செய்தி

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் பாக்கியமேரி. என் விருப்பத்துக்கு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் கணவர் கோபால் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. இத்தனை நாளில் வேறு எதையெதையோ எழுதிப் பார்த்தேனே தவிர, இதைத் தொடவில்லை.

எங்கள் நிலத்தில் களை எடுத்துவிட்டு வந்தவள் கைகால் கழுவிக்கொண்டு பின்வாசலுக்கு வெளியே நின்றாள். உத்திரமேரூர் நூலகத்தில் எடுத்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனேன்.

“இன்னாம்மா, நீ கதையெல்லாம் எய்தறியாமே?”

“யாரு சொன்னது?”

“மில்லுல பேசிக்கினாங்க. பத்திரிகையில உம் பேரு வந்துக்கீதாம். கோயியப் பத்தி எய்தினியாமே.”

உண்மைதான். என்னுடைய ஒரே ஒரு கதை அச்சாகியிருக்கிறது. அது ஒரு கோழியைப் பற்றியது.

“கோயியப் பத்தியே எய்தற. எம் புள்ளயப் பத்தி எய்தக் கூடாதா? அவன் பொய் சொல்லலன்னு ஒரு வரி எய்திடும்மா. போதும்.”

அவள் பிள்ளை ஏசுதாஸ். குஜராத்தில் ஓர் எண்ணெய் வயலில் கோபாலோடு ஒரே அறையில் தங்கி, ஒரே குழுவில் வேலை செய்தவன். கோபாலின் அஸ்தியைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து அவன் ஊருக்கு வரவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி, பார்த்துவிட்டு, அங்கிருந்தே திரும்பிவிடுவான். தை மாதம் அவன் தங்கை மேரிக்குக் கல்யாணம். அண்ணன் நின்று செய்ய வேண்டிய கல்யாணம்.

“வரமாட்டேன்றாம்மா. ‘தண்ணி வந்துட்ச்சி’ன்னுதான அவனக் கூப்புடறாங்க. பேரே அதுவாப் பூட்ச்சி. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றதுன்றான்.”

அவள் போய்விட்டாள். ஒரு வரிதானே கேட்டாள் என்று உட்கார்ந்தேன். இது அந்த ஒரு வரி.

(இங்கே ஓர் இடையூறு. பாக்கியமேரிக்கு என் அம்மா வயது. நான் அவளை ‘நீ, பாக்கியம்’ என்கிறேன். அவளும் என்னை ‘நீ’ என்றுதான் சொல்கிறாள். ஆனால் அவள் சொல்லும் ஒவ்வொரு ‘நீ’க்கும் பின்னால் ஒரு ‘ம்மா’ வந்து நிற்கிறது. என்னுடையதற்குப் பின்னால் ஒன்றும் நிற்பதில்லை. கதையிலாவது சரி செய்யலாம் என்று, ‘வாங்க பாக்கியமேரி அம்மா, உள்ள வந்து உக்காருங்க’ என்று எழுதிப் பார்த்தேன். படித்தால் வேறு யாரோ இரண்டு பேர் பேசுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். அவள் வாசலுக்கு வெளியேதான் நின்றாள்.)

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘அந்த வருடம் உத்திரமேரூர் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாடுகள்’

வேண்டாம். எந்தக் கதையை எடுத்தாலும் ஏரி வெடித்துத்தான் கிடக்கிறது. ஆனால் 1983 கோடையில் அது நிஜமாகவே வெடித்துக் கிடந்தது என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் எல்லாம் அதிலிருந்துதான் தப்பாகப் போகிறது.

‘என் கணவர் இறந்த தந்தி வந்தபோது நான்’

இல்லை.

‘எண்ணெய்க் கிணறு நம் கிணறு மாதிரி இருக்காது. இறங்கிக் குளிக்கவோ எட்டிப் பார்க்கவோ முடியாது. ஒரு குடம்கூட உள்ளே போகாத அகலத்தில், மைல் கணக்கில் ஆழம் போகும் துளை அது. துளை இடிந்து விழாமல் இருக்க உள்ளே முழுக்க இரும்புக் குழாய் இறக்கியிருப்பார்கள். அதற்குக் கேசிங் என்று பெயர்.’

இதைக் கட்டுரை என்று சொல்லிப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பலாம். அனுப்பட்டும். கேசிங் என்றால் என்னவென்று தெரியாமல் ஏசுதாஸ் பொய் சொல்லவில்லை என்பதை யாருக்கும் புரியவைக்க முடியாது. நான் முயன்றிருக்கிறேன்.

3

எனக்கு அதைப் புரியவைத்தது ஒரு பப்பாளிக் காம்பு.

லீவில் வந்திருந்தார் கோபால். அங்கே என்னதான் வேலை என்று கேட்டேன். கொல்லைக்குப் போய்ப் பப்பாளி இலை ஒன்றைக் காம்போடு ஒடித்து வந்தார். காம்பின் ஒரு முனையை மோர் டம்ளரில் விட்டு உறிஞ்சச் சொன்னார். மோர் வந்தது.

“இதான் புதுக் கெணறு.”

பிறகு காம்பின் நடுவில் கோணி ஊசியால் ஒரு துளை போட்டார். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் சுற்றினார்.

“இப்ப உறிஞ்சு.”

வாயெல்லாம் உப்பு. பப்பாளிப் பாலின் கசப்பு வேறு. மோர் பேருக்குத்தான் வந்தது. முகத்தைச் சுளித்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

“இதான் பயய கெணறு. எண்ணெ அடியில கீது. நடுவுல உப்புத் தண்ணி. குழா நல்லா கீறவரைக்கும் தண்ணி வெளியவே நிக்கும். துருப்புடிச்சி ஓட்ட வுய்ந்துட்ச்சின்னு வெய்யி, மேல ஏற்றதெல்லாம் தண்ணிதான்.”

“அப்ப இன்னா பண்ணுவீங்க?”

“ஓட்ட எங்க கீதுன்னு தேடணும். அதான் பேஜாரு, கண்ணுக்குத் தெரியாதே. ரப்பர் அடைப்பு ஒண்ண உள்ள எறக்கி, ஒரு எடத்துல பலூனு மாதிரி ஊத வெச்சி நிறுத்திட்டு, அதுக்கு மேல தண்ணிய அடிச்சி அழுத்தம் குடுப்போம். அழுத்தம் நின்னா ஓட்ட அதுக்குக் கீய. நிக்காம எறங்கிட்ச்சின்னா மேல. அப்டியே ஏத்தி எறக்கி எடத்தப் புட்ச்சி, சிமென்ட்ட அந்த ஓட்ட வயியா வெளிய தள்ளி அடைக்கறது.”

வேலைக்குப் போன இடத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு வேகம் இருக்கும். (‘கண்கள் மின்னின’ என்று எழுதி அடித்திருக்கிறேன். மின்னவில்லை. அவருக்கு மாறுகண், பேசும்போது எந்தக் கண்ணைப் பார்ப்பது என்றே எனக்குத் தெரியாது.)

அப்போது என் மாமியார் தாயாரம்மாள் முறத்தோடு அங்கே வந்தார்.

“இன்னாடா, தண்ணிய அடைக்கறதா உம் பொயப்பு?”

“ஆமாம்மா.”

“இங்க சொட்டுத் தண்ணி இல்லாம பயிரு கருகுது. நீ ரயிலேறிப் போயி, வர்ற தண்ணிய அடைச்சிக்கினு கீறியா? வெளிய சொல்லாத. சிரிப்பாங்க.”

“அது உப்புத் தண்ணிம்மா. வாயில வெக்க முடியாது. அங்க கெணத்துல தண்ணி வந்துட்ச்சின்னா எங்காளுங்களுக்கு மூஞ்சி தொங்கிப்பூடும்.”

“தண்ணி வந்தா மூஞ்சி தொங்குமா? நல்ல ஊருடா அது.”

நாங்கள் மூவரும் சிரித்தோம். இந்தக் காட்சியை இப்படியே விட்டுவிட ஆசையாக இருக்கிறது.

4

போன் வந்த நாள்.

எங்கள் வயல் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அடியில் பாறை. தமர் என்கிற துளை போட்டு வெடி வைத்து, கல் அள்ளி, மறுபடி வெடி. ஊரே அந்தக் கிணற்றைத்தான் பேசிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வந்தால் பக்கத்து நிலங்களுக்கும் நம்பிக்கை வரும். கோபால் ஆடிக்கு வருவதாக இருந்தது. கையில் இருக்கும் ஒரு பழைய கிணற்றை முடித்துக் கொடுத்தால் லீவு என்று எழுதியிருந்தார்.

ரைஸ் மில்லில்தான் போன். மில்லில் வேலை செய்யும் சேட்டு ஓடி வந்தான்.

“யக்கா, குஜராத்துலேர்ந்து டிரங்க் காலு! ஓடியா, ஓடியா!”

ஓடினேன். எனக்காக மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். தவிடு படிந்த ரிசீவரைக் காதில் வைத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல்.

“அண்ணி, ஏசுதாஸ் பேசறேன். கெணத்துல தண்ணி வந்துட்ச்சி அண்ணி. அண்ணன்”

அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

(‘அண்ணன்’ என்பதற்குப் பிறகு ஒரு புள்ளி வைக்கலாமா, மூன்று புள்ளி வைக்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். மூன்று புள்ளி வைத்தால் அவன் இழுத்ததுபோல் ஆகிவிடும். அவன் இழுக்கவில்லை. சொல் முழுதாகவே வந்தது. அதன் பிறகுதான் அறுந்தது. அதனால் ஒன்றும் வைக்கவில்லை.)

டிரங்க் காலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கேட்டதைத் திருப்பிக் கத்தினேன். “இன்னா? தண்ணி வந்துட்ச்சா? கெணத்துல தண்ணி வந்துட்ச்சா?”

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் சேட்டு இருந்தான். நான் ரிசீவரை வைப்பதற்குள் அவன் தெருவுக்குப் போய்விட்டான்.

“கோபாலு கெணத்துல தண்ணி வந்துட்ச்சாம்! தண்ணி வந்துட்ச்சாம்!”

எந்தக் கிணறு என்று யார் கேட்பார்கள்? கோபால் கிணறு என்றால் எங்கள் வயல் கிணறுதான். நான் மில்லிலிருந்து வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஊர் அங்கே இருந்தது. என் மாமியார் மஞ்சள், குங்குமம், தேங்காய், வெல்லம் எல்லாவற்றையும் ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். கிணற்றுக்குள் தமர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இன்னாம்மா, கல்லுக்கா படைக்க வந்துக்கீறீங்க?”

அடியில் தூசிதான் இருந்தது. என் மாமியார் சேட்டைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான்.

“இங்க இல்லம்மா,” என்றான். “அங்க. குஜராத்துல. கோபாலு வேல செய்ற கெணத்துல.”

யாரோ சிரித்தார்கள். என் மாமியார் சிரிக்கவில்லை.

“எங்க வந்தா இன்னா? எம் புள்ள கெணத்துல வந்துக்கீது. அங்க வந்தது இங்க வராதா? ஒடைடா தேங்காய!”

உடைத்தார்கள். எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார். தன் வாயில் ஒரு துண்டு போட்டுக்கொண்டார். என் வாயிலும் ஒன்றை வைத்தார்.

அங்கே கூடியிருந்தவர்களில் அது கெட்ட செய்தி என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். பப்பாளிக் காம்பு உறிஞ்சியவள். தண்ணீர் வந்துவிட்டது, கிணறு முடியவில்லை, ஆடிக்கு வரமாட்டார். அவ்வளவு கெட்டது என்றுதான் நினைத்தேன். வெல்லத்தை மென்றுகொண்டே அதற்காக முகம் வாடி நின்றேன்.

மறுநாள் தந்தி வந்தது.

5

இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

சிமென்ட் அடிக்கும்போது, அழுத்தத்தில் இருந்த குழாயின் இணைப்பு கழன்று அடித்துவிட்டது என்றார்கள். எந்த நேரத்தில் என்று தந்தியில் இல்லை. பிறகு வந்தவர்களும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

அஸ்திக் கலசத்தையும் பெட்டியையும் கொண்டுவந்தவன் ஏசுதாஸ். நான் உள்ளறையில் இருந்தேன். வெளியே அவன் குரல் கேட்டது. “அண்ணி கீறாங்களா?” என் மாமியார் எழுந்து போனார்.

“எந்த வாயிடா உனுக்கு? எம் புள்ளய அங்க கெடத்திட்டு, தண்ணி வந்துட்ச்சின்னு நல்ல சேதி சொன்ன வாயாடா இது?”

கலசத்தை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். இல்லை, அவன் எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடந்திருக்க மாட்டான். நான் கேட்டது வேறு யாருடையதோ.

அதிலிருந்து ஊரில் யாராவது நம்ப முடியாத நல்ல செய்தி சொன்னால், ‘இது ஏசுதாசு சேதியா?’ என்பார்கள். பாக்கியமேரி நடவுக்குப் போகும்போது வரப்பில் நிற்கிறவர்கள் ‘தண்ணி வந்துட்ச்சா?’ என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

துக்கத்துக்கு வந்த பெண்களிடம் நான் சொன்னேன். அவன் நல்ல செய்தி சொல்லவில்லை, அங்கே தண்ணீர் வந்தால் கெட்டது என்று. என்னை அணைத்துக்கொண்டு, ‘பாவம், புத்தி கலங்கிப்பூட்ச்சி’ என்றார்கள். சேட்டிடம் சொன்னேன்.

“தண்ணி கெட்டதுன்னு எம் பொண்டாட்டி தெனம் சொல்றா, யக்கா. நாந்தான் நம்பறதில்ல.”

அவன் கெட்டவனில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவன், ‘கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது’ என்பதைத் துக்கச் செய்தியாகக் கேட்க முடியாது. காது அதற்குப் பழகவில்லை. கேசிங்கில் விழுந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பதுபோல, இந்த வாக்கியத்தில் எந்த இடத்தில் தப்பு உள்ளே வந்தது என்று

(இந்த ஒப்புமையை முடிக்காமல் விடுகிறேன். கோபால் இருந்திருந்தால் ‘எல்லாத்தையும் கெணத்துல கொண்டு வந்து எறக்காத லச்சுமி’ என்றிருப்பார்.)

6

ஆக, பாக்கியமேரி கேட்ட வரியை என்னால் எழுத முடியும். எழுதுகிறேன்: ஏசுதாஸ் பொய் சொல்லவில்லை. அவன் சொன்னது கெட்ட செய்தி. அதைக் கெட்ட செய்தியாகவே சொன்னான்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது நேர்மையான சின்னக் கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் கதாபாத்திரம் என்று வந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. எனக்கு ஏசுதாஸ் மீது ஒரு சந்தேகம் உண்டு. அது ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

ஊரில் அவன் என்னைச் ‘சின்னம்மா’ என்பான். கோபாலைச் ‘சின்னவரே’ என்பான். அன்று போனில்தான் முதல் முறையாக ‘அண்ணி’ என்றான். ‘அண்ணன்’ என்றான். குஜராத்தில் ஒரே அறையில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும்போது கோபாலே அப்படிக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லக்கூடியவர்தான். அல்லது, கையில் இருந்த செய்தி ‘சின்னம்மா’ என்று தொடங்கிச் சொல்லக்கூடிய செய்தியாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

அவன் பேசியபோது கோபால் உயிரோடு இருந்தாரா? எனக்குத் தெரியாது. இரண்டு விதமாகவும் எழுதிவைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. போன் செய்தபோது கோபால் உயிரோடு இருந்தார். ‘தண்ணி வந்துட்ச்சின்னு சொல்லு, ஆடிக்கு வர முடியாதுன்னு சொல்லு’ என்று அவரே பக்கத்தில் நின்றார். ‘அண்ணன் பேசறாராம் அண்ணி’ என்று ஏசுதாஸ் சொல்லவந்தான். அறுந்துவிட்டது. அன்று மாலை வேலைக்குத் திரும்பினார்கள்.

இரண்டாம் முடிவு. எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ‘அண்ணன் பூட்டாரு’ என்று நேராகத் தொடங்க அவனுக்கு வாய் வரவில்லை. அதனால் கிணற்றிலிருந்து தொடங்கினான். தண்ணீர் வந்தது, அடைக்கப் போனோம், அப்போது என்று வரிசையாகச் சொல்லி அந்த இடத்துக்கு வந்து சேரலாம் என்று நினைத்தான். ஆபரேட்டர் அவனுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை.

இரண்டிலும் அவன் பொய் சொல்லவில்லை. பாக்கியமேரிக்கு எதுவானாலும் சரி. ஆனால் என் வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறோம்.

நேற்று மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னாடி எய்திக்கினே கீற?”

“கெணத்தப் பத்தி.”

“எந்தக் கெணறு?”

நான் பேனாவை மூடினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“அவன் பொய்தான் சொன்னான். அப்டியே இருக்கட்டும். இல்லன்னா அன்னிக்கி நான் வாயில போட்டுக்கினது இன்னாடி?”

ஐந்து வருடமாக அவர் வெல்லம் சாப்பிடுவதில்லை. பல் வலி என்று சொல்வார். பொங்கலுக்குக்கூடத் தொடுவதில்லை. நான் அதைப் பல் வலி என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை செத்துக் கிடக்கும்போது தேங்காய் உடைத்து வெல்லம் தின்றவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவரால் முடியாது. அதற்கு ஒரு பொய்க்காரன் வேண்டும். ஏமாற்றப்பட்டவளாக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

முதல் முடிவை எழுதினால் அவர் தப்பித்துவிடுவார். வெல்லம் தின்றபோது பிள்ளை உயிரோடுதான் இருந்தான். எல்லோருக்கும் நல்லது. இதையே எழுதிவிடு என்று வாசகர் சொல்வது கேட்கிறது.

எனக்குத்தான் அது முடியவில்லை. முதல் முடிவில் கோபால் ரிசீவருக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் இந்தப் பக்கம் ‘தண்ணி வந்துட்ச்சா’ என்று கத்திக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு கம்பி அறுகிறது. இரண்டாம் முடிவில் அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு வர வேண்டியிருந்த குரல் எதுவும் அந்தக் கம்பியில் இல்லை. என் மாமியாருக்கு ஒரு பொய்க்காரன் வேண்டியிருப்பதுபோல் எனக்கு இரண்டாம் முடிவு வேண்டியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் சமைத்தேன், துவைத்தேன், கோழியைப் பற்றி எழுதினேன்.

7

பாக்கியமேரி மறுபடி வந்தாள். எழுதியதில் பாதியைப் படித்துக் காட்டினேன். முடிவுகளைக் காட்டவில்லை.

“நல்லாத்தான் கீது. ஆனா ஊருக்கு யாரு படிச்சிக் காட்டுவா?”

“பத்திரிகையில வந்தா சேட்டு மில்லுல சத்தமா படிப்பான்.”

“அவனா? அவன் பாதிய முயுங்கிட்டுப் படிப்பானே.”

பிறகு மெதுவாக, “அந்தத் தம்பி இன்னா சொல்ல வந்தான்னு அவனையே கேட்டா இன்னாம்மா?” என்றாள். சொந்தப் பிள்ளையை யாரோ போல ‘அந்தத் தம்பி’ என்றாள்.

“நீ கேட்டியா?”

“கேட்டேன். அண்ணி கேட்டாத்தான் சொல்வேன்னுட்டான்.”

அப்படியென்றால் பதில் இருக்கிறது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

நான் கேட்கப்போவதில்லை. இந்தக் கதைக்கு முடிவு எழுதவும் போவதில்லை. ஆனால் மேரி கல்யாணத்தில் அவன் நிற்க வேண்டும். அதற்கு என் முடிவு தேவையில்லை. மில்லில் உட்கார்ந்திருப்பவர்கள் மனம் மாறினால் போதும்.

சேட்டு, நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் ஒரு வேலை செய். மோட்டாரை நிறுத்து. இதுவரை முழுங்கிய வரிகளைத் திரும்பப் படி. பிறகு, எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் யார் வீட்டுப் பிள்ளையாவது வெளியூரில் இருந்தால், அவர்களைப் பார்த்து ஏசுதாஸ் சொன்னதை அப்படியே சொல். சிரிக்காமல் சொல். ‘அண்ணன்’ என்பதோடு நிறுத்திக்கொள். அதற்குப் பிறகு என்னவென்று அவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லட்டும். யார் எதைச் சொன்னாலும் மறுக்காதே. என்னிடம் வந்து சொல்லவும் வேண்டாம்.

ஏசுதாஸ் வரும் நாளைப் பாக்கியமேரி சொல்வாள். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகிறேன். அவன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் பெட்டியில் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டால், மற்றதை அவன் பிடித்துத்தானே ஆக வேண்டும்?

தனியாகப் போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது ஒருவர் கூட வாருங்கள்.